திருப்பிப் போட்ட பட்டறை

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம், உன் மாமாவின் முழங்காலைத் தவிர. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது. மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால் உன் அறை நண்பர் எடுத்து, "அவர் ஷிப்ட்ல இருக்கார்" என்கிறார். காலையில் கேட்டாலும் ஷிப்ட், சாயங்காலம் கேட்டாலும் ஷிப்ட். அப்படியானால் என் தம்பி தூங்குவது எப்போது என்று அவரையே கேட்டேன். மனிதர் போனை வைத்துவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சரக்கு ஆபீசிலிருந்து ஒரு சீட்டு வந்தது. பெற்றுக்கொள்பவர் என்ற இடத்தில் என் பெயர். அனுப்பியவர் நீ. பொருள் என்ற இடத்தில் "கட்டடம், ஒன்று" என்று போட்டிருக்கிறது. நான் நாலு தரம் படித்தேன். உன் மாமா ஸ்கூல் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து ஐந்தாவது தரம் படித்தார். "கட்டடத்தை எப்படி பார்சல்ல அனுப்புவாங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்கிறார், ஏதோ நான்தான் அனுப்பிவிட்டேன் என்பதுபோல. கீழே உருப்படிகள் அறுபத்துமூன்று என்றும் இருக்கிறது. அறுபத்துமூன்று கட்டடமா, ஒரே கட்டடம் அறுபத்துமூன்று துண்டாக வருகிறதா? ஆபீசுக்கு நேரில் போய்க் கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, லாரி வரும், இறக்கிக்குங்க" என்றார் அங்கே உட்கார்ந்திருந்தவர்.

உடனே பதில் போடு. இது தப்பு என்றால் தப்பு என்று சொல். சரி என்றால் இது என்னவென்று சொல். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் திட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. நான் நன்றாக இருக்கிறேன். மாமாவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்.

அது தப்பு இல்லை. அது ஒரு பட்டறை. இரும்புச் சட்டமும் தகடுமாகப் பிரித்து அனுப்புவார்கள். போல்ட்டுப் போட்டு முடுக்கினால் நின்றுவிடும். இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம். நம் வீட்டின் பின்பக்கம் காலியாகக் கிடக்கிற இடத்தில் அதை நிறுத்த வேண்டும். முன்னாலேயே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுத முடியவில்லை. இங்கே கொஞ்சம் வேலை அதிகம்.

நான் ஊருக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறேன். பதினோரு வருஷம் போதும். இனி யாரிடமும் போய் நின்று வேலை கேட்க மாட்டேன். வீட்டிலேயே என் பட்டறையை வைத்துக்கொள்வேன். அது நின்ற பிறகுதான் வருவேன், ஜூனில். நிற்காவிட்டால் வருவதில் அர்த்தம் இல்லை. இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்து கொடு. வேறு எதையும் கேட்க மாட்டேன்.

கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. பேனா புதுசு.

தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

நீ வருகிறாய் என்று படித்ததும் அடுப்பை அணைக்காமல் தெருவுக்கு ஓடி எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். திரும்பி வந்தால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கிடந்தது. அந்த அவசரத்தில் உன் உடம்பு எப்படி என்று கேட்கவே தோன்றவில்லை. இப்போது கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்? நாங்கள் நலம்.

கட்டடம் வந்தது. லாரிக்காரர் எல்லாவற்றையும் வாசலில் இறக்கிவிட்டு, "எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க" என்றார். எண்ணினேன், அறுபத்திரண்டு. மறுபடி எண்ணினேன், அறுபத்துநாலு. உன் மாமா எண்ணினார், அவருக்கு ஐம்பத்தொன்பது. லாரிக்காரர் பொறுமை போய்த் தானே எண்ணி அறுபத்துமூன்று என்றார். அவருக்கு அந்த எண் முன்னாலேயே தெரியும் என்பதால் நான் நம்பவில்லை. கடைசியில் பார்த்தால் உன் மாமா ஒரு போல்ட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு எண்ணியிருக்கிறார்.

தகடு ஒவ்வொன்றிலும் ஓர் எண் ஒட்டியிருக்கிறது. படமும் வந்திருக்கிறது. படத்தில் ஏழு என்று இருக்கிறது, தகட்டில் ஏழு இல்லை, ஏழு அ, ஏழு ஆ என்று இரண்டு இருக்கின்றன. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அப்புறம் ஒரு ஃபிட்டரைப் பிடித்தேன். மனிதர் எங்கே போனாலும் கையில் ரசமட்டத்தோடுதான் போவார். டீக்கடை மேசையில்கூட அதை வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளாசை வைப்பார். தெருவில் அவருக்கு ரசமட்டம் என்றே பெயர். "லேத்து எந்த இடத்துல வருதுன்னு கேட்டுச் சொல்லுங்கக்கா, அந்த இடத்துல தளம் கனமா போடணும்" என்கிறார். படத்தில் லேத்தையே காணோம். லேத்து ஆபரேட்டரின் பட்டறையில் லேத்து இல்லாமல் என்ன இருக்கப் போகிறது? கேட்டுச் சொல்.

இன்னொன்று. அந்தக் கடிதத்தைக் கையால் எழுதினாயா, காலால் எழுதினாயா? கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. என் தம்பிக்குத் தங்கக் கை என்று எங்கள் கம்பெனியில் துணி வெட்டுகிற ஹால் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ ஊரைவிட்டுப் போகும்போது என் கத்தரிக்கு ஒரு திருகு கடைந்து கொடுத்தாயே, அது இன்னும் அப்படியே இருக்கிறது. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தளரவில்லை. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அந்தக் கத்தரியைக் காட்டித்தான் உன்னைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். இந்தக் கடிதத்தைக் காட்ட முடியுமா? வேறு பேனா வாங்கு.

உன் அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு ஒன்றும் குறைவில்லை.

கையால்தான் எழுதினேன். நீ சொன்னபடி பேனாவை மாற்றிவிட்டேன். பார்த்தால் அது பேனாவின் குற்றம் இல்லை போலிருக்கிறது.

லேத்து வேண்டாம். அந்த வேலையை விட்டுவிட்டேன். ஒரு சாணை மெஷினும் சின்னதாக ஒரு துளை போடும் மெஷினும் இருந்தால் போதும். உங்கள் ஹால் மாதிரி இடங்களிலிருந்து கத்தரி, கத்தி எல்லாம் வரும். தீட்டிக் கொடுப்பேன். தளத்தை எல்லா இடத்திலும் ஒரே கனமாகப் போடச் சொல்.

ஜன்னல் வைத்த தகடு, சுவிட்சுப் பெட்டி, ஷட்டரைத் தூக்குகிற சங்கிலி, இவற்றை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்று கம்பெனிப் படத்தில் விட்டிருப்பார்கள். அதனால் நானே ஒரு மெல்லிய தாளில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். வாசலில் நின்று உள்ளே பார்க்கிற மாதிரி வரைந்தது. எல்லாம் அதில் இருக்கிறது. அதில் உள்ளபடியே போட வேண்டும். ரசமட்டம் தன் இஷ்டத்துக்கு எதையும் மாற்றக் கூடாது.

இதை வரைய எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. தொலைத்துவிடாதே. மாமாவுக்கு என் அன்பு.

தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். தளம் போட்டாயிற்று, காய்ந்தும் ஆயிற்று. ரசமட்டம் அதன் நாலு மூலையிலும் குமிழியைப் பார்த்துவிட்டு அதன் மேல் படுத்து ஒரு தூக்கமே போட்டார்.

ஒன்பது நாள் உட்கார்ந்து இதைத்தான் வரைந்தாயா? நானும் அவரும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டோம். சங்கிலி இடது பக்கம். சரி. சுவிட்சு இடது பக்கம். ஏதோ ஒரு வசதிக்கு இருக்கும் என்று அதையும் விட்டேன். ஆனால் ஜன்னல் வலப்பக்கச் சுவரில்! பின்சுவரை ஒட்டி இருக்கிற மேசையின் முன்னால் நின்றால் வெளிச்சம் வலது தோள் வழியாக வரும். உன் கையின் நிழல் உன் வேலையின் மேலேயே விழும். வெளிச்சம் இடது தோள் வழியாக வர வேண்டும் என்பது எங்கள் ஹாலில் நேற்றுச் சேர்ந்தவளுக்குக்கூடத் தெரியும். அதோடு, வலப்பக்கம் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?

"உங்க தம்பி உண்மையிலேயே மெஷின்ல வேலை பார்த்தவர்தானா?" என்று ரசமட்டம் கேட்டுவிட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தாளைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். தற்செயலாகப் பின்பக்கமாகப் பிடித்துவிட்டேன். பார்த்தால் எல்லாம் அதது இடத்தில் இருக்கிறது! சங்கிலி வலது, சுவிட்சு வலது, ஜன்னல் இடது. அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. எங்கள் ஹாலிலும் இது நடப்பதுண்டு. மாதிரித் தாளைக் கவிழ்த்து வைத்து வெட்டிவிடுவார்கள். தைத்து வந்த பிறகு பார்த்தால் சட்டைக்கு இரண்டும் இடது கையாக இருக்கும். நீயும் தாளைக் கவிழ்த்துப் போட்டு வரைந்துவிட்டு, அப்புறம் எண்களை எழுதியிருக்கிறாய்.

உன்னைக் கேட்டு எழுதி, பதில் வருவதற்குள் ரசமட்டம் வேறு வேலைக்குப் போய்விடுவார். அதனால் திருப்பிப் போடச் சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு லாபம், ஜன்னல் இப்போது என் சமையலறைக்கு நேராக வருகிறது. டீயை அப்படியே நீட்டிவிடலாம். நன்றியெல்லாம் நேரில் சொன்னால் போதும்.

உன் அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

படம் கிடைத்ததா? இன்னும் உன் பதில் வரவில்லை. உங்கள் எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறதா? எனக்கு இருமல் இருந்தது, போய்விட்டது.

சந்தேகம் வரக்கூடாது என்று வார்த்தையிலும் எழுதிவிடுகிறேன். சங்கிலி இடது. சுவிட்சு இடது. ஜன்னல் வலது. பார்க்கிறவர்களுக்கு விநோதமாகத்தான் இருக்கும். ஏன் என்று கேட்காதே அக்கா. வந்த பிறகு நானே சொல்கிறேன்.

இங்கே என் கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றிப் போட்டுக்கொண்டேன். அறை நண்பர் என் பிரஷ் டம்ளரைக்கூட மறுபக்கம் நகர்த்தி வைத்திருக்கிறார். பாட்டில் மூடி திறப்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் அவர் வருகிறார். நல்ல மனிதர், முகம் கோணுவதில்லை. ஆனால் எனக்குத்தான் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வெறுத்துவிட்டது. என் பட்டறையில் நானே போய், நானே ஷட்டரைத் தூக்கி, நானே விளக்கைப் போட்டு, நானே வேலையை ஆரம்பிக்க வேண்டும். இவ்வளவும் அதற்குத்தான்.

ரசமட்டத்துக்கு என் வணக்கம். சரியாகச் செய்வார் என்று நம்புகிறேன்.

தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

நின்றுவிட்டது! இதைத்தான் முதல் வரியாக எழுத வேண்டும் என்று நான்கு நாளாக வைத்திருந்தேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

நாலு தூணும் நிமிர்ந்த அன்று தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டுக்காரி, "வாடகைக்கு விடப் போறீங்களா?" என்று கேட்டாள். "என் தம்பி வர்றான்" என்று சொன்னேன். அவள் கேட்காமலே இன்னும் இரண்டு தரம் சொன்னேன். முகட்டுத் தகட்டை மாட்டும்போது காற்று அடித்து, அதைப் பிடித்துக்கொண்டிருந்த உன் மாமா இரண்டடி தள்ளிப் போய் நின்றார். யாருக்கும் அடி இல்லை. மிச்சமாக எட்டு போல்ட்டு கையில் இருக்கிறது. ஏன் மிஞ்சியது என்று ரசமட்டத்துக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நீ மார்ச் 24 அன்று எழுதிய கடிதம், இங்கே வேலை முடிந்த மறுநாள் வந்தது. படித்தேன், குழம்பினேன். வார்த்தையிலும் அப்படியே தலைகீழாக எழுதியிருக்கிறாயே! ஒரு வேளை உன் படத்தைப் பார்த்தே எழுதினாயா? கட்டிலை எதற்கு மாற்றினாய்? மூடி திறக்க அவர் எதற்கு? நீ சோம்பேறி ஆகிவிட்டாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கல்யாணம் செய்துகொள் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன், கேட்டால்தானே.

எப்படியோ, போனது போகட்டும். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், பார். சங்கிலி வலது பக்கம், சுவிட்சு வலது பக்கம், இடது பக்கம் ஜன்னல், ஜன்னலில் நான். கையில் இருப்பது உனக்கு நீட்டுகிற டீ. நீ இல்லாததால் உன் மாமா குடித்துவிட்டார். ரயிலுக்கு எந்தத் தேதியில் டிக்கெட் எடுக்கிறாய் என்று உடனே எழுது.

உன் அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன, போட்டோவும் கிடைத்தது. நீங்கள் எல்லோரும் நன்றாக இருப்பது அதிலேயே தெரிகிறது.

பட்டறை ரொம்ப அழகாக வந்திருக்கிறது. எல்லோருக்கும் சரியாக இருக்கிற மாதிரி கட்டியிருக்கிறீர்கள். அதனால் எதிர்வீட்டில் கேட்டது நல்ல யோசனைதான். யாராவது வேலை தெரிந்தவருக்கு வாடகைக்கு விடு. நான் இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலை வாங்கி வாங்கி உன்னைத்தான் அலைய வைத்துவிட்டேன்.

தம்பி


மே 19

தம்பிக்கு,

நான் சுகமாக இல்லை. உன் கடிதம்தான் காரணம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜூனில் வருகிறேன் என்றாய். பட்டறை நின்றால் வருகிறேன் என்றாய். நிற்கிறது. இப்போது வாடகைக்கு விடு என்கிறாய். ஒரு ஜன்னலுக்காகவா? நான் வாங்கிய வெயிலும் உன் மாமா நசுக்கிக்கொண்ட கட்டைவிரலும் (இதை உனக்கு எழுதவில்லை, நகம் இப்போது வளர்ந்துவிட்டது) ஒரு சங்கிலி எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதற்காக ஒன்றுமில்லாமல் போகுமா? அங்கே யாரையாவது பார்த்துவிட்டாயா? அப்படி இருந்தால் நேராகச் சொல், நான் சந்தோஷப்படுவேன். உடம்புக்கு ஏதாவதா? வேலை போய்விட்டதா? நான் ஒவ்வொன்றாகக் கேட்கிறேன், நீ ஒவ்வொன்றாக மறைக்கிறாய்.

கோபம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். கோபம் இருந்தால்கூடத் தேவலை. சின்ன வயசில் கோபம் வந்தால் கத்தி ஊரைக் கூட்டுவாய், எனக்கு என்னவென்று தெரியும். இந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பட்டறைச் சாவியை யாருக்கும் கொடுக்க மாட்டேன். வாடகையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. சும்மா கிடக்கட்டும்.

அக்கா


ஜூலை 8

என் தம்பிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். பேனாவின் குற்றம் இல்லை. தினம் கொஞ்சமாக ஆறு நாளாக எழுதுகிறேன்.

நீ பதில் போடவில்லை. ஜூன் முதல் வாரம் முழுக்க உன் மேல் கோபமாக இருந்தேன். உன் படத்தை ஹாலுக்கு எடுத்துப் போனேன். உன்னைப் பற்றிப் புகார் சொல்லத்தான் எடுத்துப் போனேன். எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். எங்களில் ஒருத்தி இடது கையால் வெட்டுவாள். அவள் கத்தரி தனி, நாங்கள் பிடித்தால் துணி மடங்கும், வெட்டாது. அவளை எதிர்க்கத்தரி என்று கூப்பிடுவோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுல என்னக்கா தப்பு? எல்லாம் சரியாத்தான இருக்கு. இப்படி ஒரு இடத்துல ஒரு நாளாவது நின்னு வேலை பார்க்கணும் எனக்கு. உங்க தம்பியும் என்னை மாதிரியா?"

"இல்லடி, அவன் வலது கைக்காரன்" என்று சொன்னேன். சொல்லும்போதே தாளை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் தரையில் வரிசையாக வைத்தேன். போன வருஷம் அக்டோபர் வரைக்கும் ஓர் எழுத்து. ஜனவரியிலிருந்து வேறு எழுத்து. இரண்டும் வேறு வேறு கை. நான் வாயாடிக்கொண்டே இருந்ததில் இதைப் பார்க்க எனக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது. காலால் எழுதினாயா என்று கேட்டேன். சோம்பேறி என்றேன். அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை தம்பி.

தங்கக் கை, தங்கக் கை என்று ஊரெல்லாம் சொன்னேன். அதனால்தான் என்னிடம் சொல்ல முடியவில்லையா? என்ன ஆயிற்று, எவ்வளவு ஆயிற்று என்று கேட்க மாட்டேன். உனக்கு எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல். நீ முழுசாக என் தம்பிதான். அதில் ஒரு குறையும் இல்லை.

ரசமட்டத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மறுபக்கம் மாற்றச் சொன்னேன். "ஒரே கட்டடத்தை ரெண்டு தடவை கட்டறவங்களை இப்பதான்க்கா பார்க்கறேன்" என்றார். "என் தம்பி வரைஞ்சதுதான் சரி, நான்தான் தப்பாப் படிச்சேன்" என்று சொன்னேன். அவர் ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. போல்ட்டு இந்தத் தடவை பதினொன்று மிஞ்சியிருக்கிறது.

முடிந்த அன்று என் வலது கையை ஒரு துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டு உள்ளே போனேன். சங்கிலியை இழுத்தேன், ஷட்டர் ஏறியது. திரும்பாமலே சுவிட்சு கைக்கு வந்தது. மேசை முன்னால் நின்றேன். வெளிச்சம் வலப்பக்கமிருந்து விழுந்தது, என் இடது கையின் நிழல் வேலையின் மேல் விழவே இல்லை. நீ வரைந்தது ஒவ்வோர் அங்குலமும் சரி. உன் மாமா வந்து பார்த்துவிட்டு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தார். சொன்னேன். அப்புறம் தன் கையையும் கட்டச் சொல்லி அவரும் ஒரு தரம் ஷட்டரைத் தூக்கிப் பார்த்தார்.

இனி டீயை ஜன்னல் வழியாக நீட்ட முடியாது. நடந்து வந்து கொடுப்பேன்.

என் கத்தரி மழுங்கிவிட்டது. வேறு யாரிடமும் தீட்டக் கொடுக்க மாட்டேன். வெட்ட முடியாமல் ஹாலில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், மேஸ்திரி திட்டுகிறார்.

சீக்கிரம் வா.

அக்கா


ஜூலை 27

அக்கா,

உடம்பு நன்றாக இருக்கிறது, உண்மையாகவே. நீயும் மாமாவும் கையைக் கட்டிக்கொள்ளாமல் இருந்தால் அங்கேயும் எல்லோரும் நன்றாக இருப்பீர்கள்.

உன் கடிதத்தை நானும் அறை நண்பருமாக மூன்று நாள் உட்கார்ந்து படித்தோம். இடது கையால் என்னைவிட மோசமாக எழுதுகிற ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. நண்பர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் அவர் கொஞ்சம் வெளியே போய் நின்றுகொண்டார், நான் அழுவதற்கு வசதியாக.

நீ கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன். அக்டோபரில் மெஷினில் மாட்டிக்கொண்டது. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. நடுவில் உள்ள மூன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் உன் கத்தரித் திருகுதான் ஞாபகம் வந்தது. இனி அதைப் போல ஒன்று என்னால் கடைய முடியாது என்று உனக்கு எப்படி எழுதுவேன்? எழுதக் கையும் இல்லை. இடது கையால் உன் பெயரை எழுதப் பழகவே நவம்பர் முடிந்துவிட்டது.

தீட்டுவது வேறு. தீட்ட வருகிறது. இங்கே அறை நண்பரின் சமையல் கத்தி, பக்கத்து அறைக்காரர்களின் கத்தரி எல்லாம் தீட்டிப் பார்த்துவிட்டேன். உன் கத்தரியை யாரிடமும் கொடுக்காதே. மிஞ்சிய பதினோரு போல்ட்டையும் எடுத்து வை, அது எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதுவரை பெரிய காற்று அடித்தால் மாமாவை உள்ளே விடாதே.

உன் கடிதத்தில் எல்லா வரியையும் படித்துவிட்டோம். கடைசி வரி மட்டும் என்னவென்றே தெரியவில்லை. அவர் ஒன்று சொல்கிறார், நான் ஒன்று சொல்கிறேன். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி